ஒஸ்லோவில் ஆறு நாள்: எங்கள் வயதுக்கும் பணப்பைக்கும் ஒத்துவருமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 68, என் துணைவியாருக்கு 64. எங்கள் மகள் வரும் ஜூன் மாதம் அலுவலக வேலையாக நார்வேயின் தலைநகரான ஒஸ்லோவுக்கு ஆறு நாள் செல்கிறாள். விமானச் சீட்டையும் தங்கும் அறையையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களையும் உடன் வரச் சொல்கிறாள். பகல் முழுவதும் அவளுக்கு வேலை இருக்கும் என்பதால், ஊரை நாங்கள் இருவர் மட்டுமே சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

கவலை செலவைப் பற்றியது. செய்தி வெளியே தெரிந்த நாளிலிருந்து, காலையில் பசியாறப் போகும் கடையில் எனக்கு அறிவுரை சொல்லாதவர் இல்லை. ஒரு கோப்பிக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார் ஒருவர். உலகத்திலேயே விலைவாசி கூடிய ஊர்களில் அதுவும் ஒன்று, கிழவர்களுக்கு அங்கே என்ன வேலை என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் கேட்ட என் துணைவியார் அரிசியும் ரசப்பொடியும் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எதை வாங்கினாலும் மனம் ஒருமுறை கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கை சட்டைப் பைக்குள் போகும். அறுபதைத் தாண்டிய பிறகு ஒஸ்லோவுக்குப் போய்வந்தவர்கள் இங்கே இருந்தால், போன முதல் இரண்டு நாளில் உங்களுக்கு என்ன தோன்றியது, எதைப் பார்த்தது வீண்போகவில்லை, முழங்கால் எந்த அளவுக்கு ஒத்துழைத்தது என்பதைச் சற்று விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய கிராணி, பீடோர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தோட்டத்தில் 31 ஆண்டு கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான், வயது 71. சென்ற ஆண்டு ஜூன் இறுதியில் நானும் மனைவியும் அந்த ஊரில் ஐந்து நாள் இருந்தோம்.

முதலில் என்னைத் தடுமாற வைத்தது வெளிச்சம். அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 10.40 ஆகிறது, மறுபடி எழுவதோ நான்கு மணிக்கு முன்பே. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு எனக்கு. முதல் நாள் விழித்துத் திரையை விலக்கினால், நம் ஊரின் காலை ஒன்பது மணி வெயில். நேரம் கடந்துவிட்டது, துரை கேட்பாரே என்று ஒரு கணம் நெஞ்சு படபடத்துவிட்டது. கடிகாரத்தில் மணி நாலே கால்.

விலை இரண்டாவதாகத்தான் வந்து தாக்கியது. ரயில் நிலையக் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் 35 குரோனர். அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 2.40 குரோனர் என்பதால், வெறும் தண்ணீருக்குப் பதினைந்து வெள்ளி என்று கணக்கு ஆனது. மனைவி எடுத்த போத்தலை அப்படியே திரும்ப வைத்துவிட்டார். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரையே எல்லாரும் குடிக்கிறார்கள் என்பதும், அது குளிர்ந்து சுவையாக இருக்கும் என்பதும் மாலையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வீட்டிலிருந்தே ஒரு காலிப் போத்தலைக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி, பார்த்தவை. கடலோரத்தில் 2008-இல் திறந்த ஓப்பரா அரங்கம் இருக்கிறது. அதன் கூரை வெள்ளைப் பளிங்குக் கற்களால் ஆனது. தரையிலிருந்தே சரிவாக மேலே ஏறிப் போகிறது. யாரும் ஏறலாம், கட்டணம் கிடையாது. சிறுவயதில் லயத்துக் கூரைமேல் ஏறியதற்கு என் அப்பாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவில் இருக்கிறது. எழுபது வயதில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் கூரைமேல் மனைவியோடு நடந்து கடலைப் பார்ப்பேன் என்று நான் எண்ணியதே இல்லை. ஆனால் மழை பெய்த ஈரத்தில் ஏறாதீர்கள், வழுக்கும். வெயிலில் பளிங்கு கண்ணைக் கூச வைக்கும், கறுப்புக் கண்ணாடி தேவைப்படும்.

நாங்கள் மிக நீண்ட நேரம் இருந்தது விகெலாந்து சிற்பப் பூங்காவில். குஸ்தாவ் விகெலாந்து என்ற ஒரே சிற்பியின் 200-க்கும் மேற்பட்ட சிலைகள் அங்கே இருக்கின்றன. அவருடைய படைப்புகள் அனைத்தும் நகரத்துக்கே சொந்தம் என்றும், அதற்கு ஈடாக நகரம் அவருக்கு வேலைக்கூடம் கட்டித்தர வேண்டும் என்றும் 1921-இல் ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். 1943-இல் இறக்கும்வரை அவருக்கு இதே வேலைதான். பூங்காவுக்கு வாயிற்கட்டணமும் இல்லை, அடைக்கும் நேரமும் இல்லை. 12-ஆம் எண் டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். சிலைகள் எல்லாம் ஆடையில்லாத மனிதர்கள் என்பதால் முதல் பத்து நிமிடம் மனைவி என்னை விட்டுத் தள்ளித்தான் நடந்தார். பிறகு அவரே என் கையைப் பிடித்து இழுத்து, குழந்தையைத் தூக்கிச் சுழற்றும் தகப்பன், தோளோடு தோள் சாய்ந்த முதியவர்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கிவிட்டார். நடுவில் ஒரே கருங்கல்லில் 121 உருவங்கள் பின்னிப் பிணைந்து மேலெழும் தூண் ஒன்று இருக்கிறது. அதைச் செதுக்கக் கல்தச்சர்கள் மூவருக்கு 14 ஆண்டு ஆனது என்று அறிந்தபோது, கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும் அதே பார்வைதான் எங்களுக்கு வந்தது. அந்தத் தூணுக்குப் போகப் படிகள் உண்டு. அவசரமில்லாமல் ஏறினால் போதும்.

துறைமுகத்தை நோக்கி நிற்கும் செங்கல் கட்டடமான நகர மண்டபத்துக்கும் அவசியம் போங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. நோபல் அமைதிப் பரிசை 1990 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 10-ஆம் நாள் அந்த மண்டபத்தில்தான் வழங்குகிறார்கள். உங்கள் ஊரில் காந்தியின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளி இருப்பதால் சொல்கிறேன்: அவருடைய பெயர் ஐந்து முறை முன்மொழியப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை, அவர் கொல்லப்பட்ட 1948-இல், தகுந்த ஆள் உயிரோடு இல்லை என்று சொல்லி எவருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதே நகரத்தின் துணை மேயராக 2015 முதல் 2021 வரை இருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் என்னும் தமிழ்ப்பெண். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கட்டணம் கொடுத்துப் பார்த்தவற்றில் எனக்கு நிறைவளித்தது ஃபிராம் கப்பல் ஒன்றுதான். நார்வே நாட்டுத் துருவப் பயணி அமுண்ட்சென் தென்துருவத்தை 1911 டிசம்பர் 14-இல் அடைந்த பயணத்துக்கு அவரைக் கொண்டுபோன அந்தக் கப்பலின் உள்ளேயே போய்ப் பார்க்கலாம். அடிப்பாகத்தை உருண்டையாகக் கட்டியிருப்பதால், கடல் உறைந்து பனி இருபுறமும் நெருக்கும்போது கப்பல் நொறுங்காமல் மேலே எழும்பிவிடுமாம். உள்ளே ஏணிபோன்ற செங்குத்தான படிகள். மனைவி கீழ்த்தளத்துக்கு வரவில்லை. 30-ஆம் எண் பேருந்தில் போகலாம். அருகிலிருந்த வைகிங் கப்பல் காட்சியகத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக 2022-இல் மூடினார்கள். திறந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

67 வயது நிரம்பியவர்களுக்கு நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில் மூன்றிலும் கட்டணம் பாதிதான், ஆகையால் உங்களுக்குப் பாதி, அம்மாவுக்கு முழுக்கட்டணம். அந்தச் சீட்டிலேயே துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் படகிலும் ஏறலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றுலாப் படகுக்காரர்கள் கேட்ட பணத்தைக் கேட்டு நான் பின்வாங்கினேன். பிறகு இந்தப் படகில் ஹூவெதோயா தீவுக்குப் போய், 1147-இல் துறவிகள் எழுப்பிய மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம்.

மறுமொழி: தாதியம்மா, தெலுக் இந்தான்

கிராணி ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அடுப்படிப் பக்கத்தை அவர் தொடவில்லை. நான் ஓய்வுபெற்ற தாதி. அக்காவோடு போயிருந்தேன், இருவருக்கும் சேர்த்து வயது 135.

உணவகத்தில் உட்கார்ந்தால் ஒருவர் சாப்பாடு 250 குரோனருக்குக் குறையாது, அதாவது நூறு வெள்ளிக்கு மேல். நாங்கள் அதை ஒரே ஒருமுறை செய்தோம், மீன் சூப்புக்காக. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற நாள்களில், அறை வாடகையோடு சேர்ந்து வரும் காலை உணவில் முட்டை, மீன், ரொட்டி, பழம் என்று வயிறாரப் பசியாறிவிடுவோம். மதியத்துக்கு மலிவுக் கடைகளில் வாங்கிய ரொட்டியும் தயிரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை என்பதால் சனிக்கிழமையே வாங்கிவைத்துவிட வேண்டும். குரோன்லாந்து வட்டாரத்தில் குடியேறியவர்களின் கடைகள் இருக்கின்றன. பருப்பும் பச்சை மிளகாயும் அங்கே கிடைக்கும். அறையில் அடுப்பு இருந்தால் மட்டும் அரிசியைத் தூக்குங்கள், ஆசிரியர் ஐயா. ரசப்பொடி பையில் இருக்கட்டும், ஆனால் நெய், இறைச்சி எதையும் வைக்க வேண்டாம், வெளியிலிருந்து இறைச்சியையும் பாற்பொருள்களையும் கொண்டுவர அந்த நாட்டில் தடை உண்டு.

கழிவறையைப் பற்றி ஆண்கள் எழுதமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன். நம் பேருந்து நிலையத்தில் முப்பது காசு கொடுத்தே முணுமுணுப்போம். ஒஸ்லோ மத்திய நிலையத்தில் பல வெள்ளி ஆகும், அதையும் அட்டையால்தான் கட்ட வேண்டும். ரொக்கத்தை அந்த ஊரில் அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால், உங்கள் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் முன்பே கேட்டுவிடுங்கள். நீரிழிவு மாத்திரை சாப்பிடும் நாங்கள், காட்சியகம், நூலகம் என எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வெளியேறுமுன் ஒருமுறை போய்விடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒரு மாலை சுரங்க ரயிலில் அம்மெருட் என்னும் இடத்துக்குப் போய், சிவசுப்பிரமணியர் ஆலயத்தில் கும்பிட்டோம். ஈழத்துத் தமிழர்கள் நடத்தும் கோயில். எங்கள் பேச்சைக் கேட்டதும், மலேசியாவா என்று விசாரித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். ஐந்து நாள் அமைதியான தெருக்களில் நடந்த பிறகு அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

மறுமொழி: வரவு செலவு, கப்பார்

எல்லாவற்றையும் இலவசம், இலவசம் என்று எழுதுகிறீர்கள். விமானச் சீட்டு இலவசமா, அறை இலவசமா? அந்தப் பணத்தில் தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு மாதம் கோயில் கோயிலாகப் பார்த்துவிட்டு, திரும்பும்போது பேரப்பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்துவரலாம். எழுபதை நெருங்குகிறவருக்குப் பயணக் காப்புறுதி எவ்வளவு என்பதையும் யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு ஆண்டுக்கு முன் மகனோடு அதே ஊருக்குப் போனேன். மாலையில் ஒரு கிளாஸ் பீர் நாற்பது வெள்ளிக்கு மேல். சரி, கடையில் வாங்கலாம் என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் விற்கக்கூடாது என்று சட்டமாம். வானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது எட்டு மணி ஆனது எனக்கு எப்படித் தெரியும்?

மறுமொழி: பழைய கிராணி, பீடோர்

கப்பார் அண்ணன் காப்புறுதியைப் பற்றிச் சொன்னது நியாயம். எழுபதுக்கு மேல் கட்டணமும் ஏறும், தரும் தொகையும் குறையும், ஆகையால் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். ஆனால் ஆசிரியர் ஐயாவுக்குச் சீட்டும் அறையும் மகள் செலவு. அவர் கேட்டது அதற்குப் பிறகு உள்ள கணக்கை. எங்களுக்கு ஒரு நாளைக்கு, இரண்டு பேருக்கும் சேர்த்து, சாப்பாடு, பயணம், ஒரு காட்சியகம் என்று முந்நூறு வெள்ளிக்குள் அடங்கியது. போக்குவரத்தும் காட்சியகங்களும் சேர்ந்த ஒஸ்லோ பாஸ் என்னும் அட்டையை எல்லாரும் வாங்கச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று காட்சியகம் ஓடிப் பார்ப்பவருக்குத்தான் அது இலாபம், நம் கால்களுக்கு ஒன்றே போதும். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயிலில் ஏறாமல் சாதாரண ரயிலில் போங்கள். சில நிமிடங்கள்தான் கூடுதல், கட்டணம் ஏறக்குறைய பாதி.

கேள்வி கேட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

மூவருக்கும் நன்றி. மறுமொழிகளைத் துணைவியாருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அரிசி பையிலிருந்து வெளியே வந்துவிட்டது, ரசப்பொடி அப்படியே இருக்கிறது. முதல் நாள் சிற்பப் பூங்கா, இரண்டாம் நாள் நகர மண்டபமும் தீவுப் படகும் என்று எழுதிவைத்துவிட்டேன். கப்பலையும் கோயிலையும் பிற்பாடு பார்த்துக்கொள்வோம். துணைவியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்: ஜூன் மாதக் குளிருக்கும் அவ்வளவு நடைக்கும் சேலை ஒத்துவருமா?

மறுமொழி: தாதியம்மா, தெலுக் இந்தான்

பகலில் ஏறத்தாழ இருபது பாகை இருக்கும், மாலையில் படகின் மேல்தளத்தில் காற்று எலும்பைத் தொடும். நடக்கும் நாள்களில் சுடிதாரும் சப்பாத்தும் போடச் சொல்லுங்கள், மேலே ஒரு கம்பளிச் சட்டை. சேலை ஒன்று போதும், கோயிலுக்கு.