வன்னிச் சனம் யாழ்ப்பாணத்தாரை விட நெருக்கமோ?

கேள்வி: மாங்குளத்துக்கு மாற்றலாகி வாறன். வன்னியிலை சனம் கெதியா ஒட்டுமெண்டு சொல்லுகினம். மெய்யோ?

பதில் 1: குணத்தை விட நிலந்தான் காரணம். யாழ்ப்பாணத்திலை நெருக்கமான காணி, வேலி, மதில். இஞ்சை குளத்துத் தண்ணி வாய்க்காலிலை முறை வைச்சு வரும். பக்கத்து வயல்காரரோடை கதைக்காமல் விதைக்கேலாது. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தாரும் வந்து குடியேறினவை. புதுமுகம் இஞ்சை புதினமில்லை.

பதில் 2: படலையிலை நிண்டு "வீட்டுக்காரர்!" எண்டு கூப்பிடுங்கோ. நாய் நிக்கும். தேத்தண்ணி தந்தால் ரெண்டு மிடறாவது குடியுங்கோ; மறுத்தால் சாதி பாக்கிறியளெண்டு நினைப்பினம்.

பதில் 3: "பிள்ளையள் எத்தினை?" எண்டு முதல்நாளே கேக்காதேங்கோ. 2009 போரிலை பிள்ளையைப் பறிகுடுத்த தாய் என்ன கணக்குச் சொல்லுறது? மழையை, விதைப்பைக் கேளுங்கோ.