யெகோவாவின் சாட்சிகளின் 'இரத்தம்' போதனைக்கு மறுப்புப் பிரசுரம்: எப்படி எழுதலாம்?

வாசகவட்டம்:
வீடு வீடாக வரும் யெகோவாவின் சாட்சிகள் எங்கள் பகுதியில் 'காவற்கோபுரம்', 'விழித்தெழு!' இதழ்களைக் கொடுத்துப் போகிறார்கள். இரத்தம் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்ற போதனைக்கு 16 பக்கத்தில் பதில் எழுத நினைக்கிறோம். வட்டத்தில் பாதிப் பேர், "பதில் எதற்கு? மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று மனு கொடுத்துப் பறிமுதல் செய்யச் சொல்லலாம்" என்கிறார்கள். அவர்கள் எழுதும் உரிமையில் கைவைக்காமலும், நாம் வழக்கில் மாட்டாமலும் எப்படிச் செய்வது?

வழக்குக்கட்டு:
மனு யோசனையைக் கைவிடுங்கள். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மதத்தை விமர்சித்தாலே குற்றம் என்று அது சொல்லவில்லை. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு இழிவுபடுத்தியிருக்க வேண்டும் என்று 1957-லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

பறிமுதலும் அப்படித்தான். மாநில அரசு காரணத்தை உத்தரவிலேயே சொல்ல வேண்டும். பெரியாரின் இராமாயண விமர்சன நூலின் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் வெளியிட்டபோது உத்தரப்பிரதேச அரசு 1969-ல் பறிமுதல் செய்தது. காரணம் சொல்லப்படவில்லை என்று 1971-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1976-ல் அரசின் மேல்முறையீடும் தள்ளுபடி. இன்று அவர்கள் இதழைப் பறிமுதல் செய்யச் சொன்னால், நாளை உங்கள் 16 பக்கத்தையும் அதே கோலால் அளப்பார்கள்.

இன்னொன்று. 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளி மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவானது. அந்தப் பிள்ளைகள் இதே குழுவைச் சேர்ந்தவர்கள். நேர்மையாகக் கொண்ட நம்பிக்கைக்குச் சட்டத்தில் காவல் உண்டு என்பதைப் பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மேற்கோள்:
சட்டத்தைவிட, மறுப்பைக் கெடுப்பது தப்பான மேற்கோள். "எந்த இரத்தப் பொருளையும் ஏற்கமாட்டார்கள்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் மறுப்பது முழு இரத்தமும் அதன் நான்கு முக்கியக் கூறுகளும்: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், இரத்தம் உறையவைக்கும் காரணிகள் போன்ற நுண்பகுதிகளை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். 2000 ஜூன் 15 காவற்கோபுரம் இதழ் இதை விளக்குகிறது. இதைத் தப்பாக எழுதினால், வாசலுக்கு வரும் ஊழியர் அந்த ஒரு வரியைக் காட்டியே மீதி 15 பக்கத்தையும் ஒதுக்கிவிடுவார்.

சரியாக எழுதினால் அங்கேயே வலுவான கேள்வி கிடைக்கிறது: பிளாஸ்மா கூடாது, அதிலிருந்தே பிரிக்கும் ஆல்புமின் கூடும் என்றால் கோட்டை எங்கே கிழித்தார்கள், எந்த வசனத்தை வைத்து? அவர்கள் காட்டும் ஆதியாகமம் 9:4, லேவியராகமம் 17, அப்போஸ்தலர் 15:28, 29 ஆகியவற்றை முழுதாக அச்சிட்டுப் பிறகு கேளுங்கள். உறுப்பு மாற்றையும் சேர்க்கலாம். 1967-ல் மனித மாமிசம் உண்பதற்கு ஒப்பாகக் கண்டித்தார்கள். 1980-ல் தனிமனித முடிவுக்கு விட்டார்கள்.

1975 பற்றி எழுதப்போகிறீர்களா? "உலகம் அழியும் என்று தேதி அச்சிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். மனிதன் படைக்கப்பட்டு 6000 ஆண்டு 1975-ல் முடிகிறது என்பதுதான் 1966-ல் அவர்கள் வெளியிட்ட நூலில் இருப்பது. எதிர்பார்ப்பு அதிலிருந்து கிளம்பியது. 1980-ல் காவற்கோபுரமே வருத்தம் தெரிவித்தது. உள்ளதைச் சொன்னாலே போதும், அழுத்தம் தானாக வரும்.

பதினெட்டு வயது நிரம்பியவர் தன் உடலுக்கு எடுக்கும் முடிவையும், பெற்றோர் குழந்தைக்காக எடுக்கும் முடிவையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். முதலாவது அவர் உரிமை. உங்கள் வாதம் நிற்க வேண்டிய இடம் இரண்டாவது.

வாசகவட்டம்:
நன்றி ஐயா. அவர்கள் கட்டுரையை அப்படியே படமெடுத்துப் போடலாமா?

வழக்குக்கட்டு:
முழுக் கட்டுரை வேண்டாம். விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாளப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு இடம் தருகிறது. நீங்கள் பதில் சொல்லும் பத்தி, அதற்கு முன்னும் பின்னும் ஓரிரு வரி, இதழ் தேதி, பக்க எண், இவ்வளவு போதும். இணையப் பதிப்பைத் திருத்தக்கூடும். அச்சிதழை எடுத்து வையுங்கள்.

அச்சுமை:
டெம்மி 1/8 அளவென்றால் (டெம்மி தாளின் எட்டில் ஒரு பங்கு), ஒரு டெம்மி தாளில் இரு பக்கமும் அடித்து மடித்தால் சரியாக 16 பக்கம் வரும். 17-வது பக்கத்துக்கு இழுத்தால் குறைந்தது 4 பக்கம் கூட்ட வேண்டும், அதனால் எழுதும்போதே அளந்துகொள்ளுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம் போடுங்கள். பெயரில்லாத நோட்டீஸை யாரும் நம்ப மாட்டார்கள், போலீசும் சந்தேகப்படும்.

மெய்ப்பை (அச்சேற்றும் முன் பிழை பார்க்க எடுக்கும் படியை) யெகோவாவின் சாட்சிகளுக்கு அனுப்பி, மேற்கோளில் பிழை இருந்தால் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். பதில் வந்தால் கடைசிப் பக்கத்தில் வெட்டாமல் போடுங்கள். அவர்கள் கூடும் மன்றத்து வாசலில் நின்று மட்டும் கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 29 அன்று கேரளத்தின் களமசேரியில் அவர்கள் மாநாட்டில் குண்டு வெடித்து உயிர்கள் போயின. கூட்டத்துக்கு வருபவர்கள் அந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். நூலகத்தில் வையுங்கள், அவர்கள் இதழுக்குப் பக்கத்திலேயே.