சிமுலேஷனில் 2.45, வி.என்.ஏ-வில் 2.38: எஃப்ஆர்4-க்கு எந்த எப்சிலான் கொடுப்பது?

கேள்வி:
இறுதியாண்டு புராஜெக்டுக்கு 2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா (போர்டில் தட்டையான செம்புத் துண்டாக இருப்பது) செய்திருக்கிறேன். 1.6 மி.மீ. எஃப்ஆர்4 சர்க்யூட் போர்டு, பேட்ச் 37.3 × 28.8 மி.மீ. எச்.எஃப்.எஸ்.எஸ் சிமுலேஷன் மென்பொருளின் லைப்ரரியில் இருந்த எஃப்ஆர்4 எபாக்சியை அப்படியே எடுத்தேன்: எப்சிலான் 4.4, லாஸ் டேன்ஜென்ட் (பொருளுக்குள் அலை இழக்கும் ஆற்றலைக் குறிக்கும் எண்) 0.02. சிமுலேஷன் சரியாக 2.45 காட்டியது. போர்டு வந்ததும் வி.என்.ஏ-வில் (ஆன்டெனா எந்த அலைவெண்ணில் வேலை செய்கிறது என்று காட்டும் அளவுக் கருவி) அளந்தால் 2.38. மெஷ்ஷை (கணக்கிட மாடலைப் பிரிக்கும் வலையை) இரண்டு முறை நெருக்கியும் சிமுலேஷன் அசையவில்லை. அடுத்த வாரம் ரிவ்யூ.

பதில்:
அளக்கும் முன் வி.என்.ஏ-வின் கேபிள் முனையில் கேலிபரேஷன் (கருவியின் பிழையை நீக்குவது) செய்தீர்களா?

கேட்டவர்:
ஓப்பன், ஷார்ட், லோட் மூன்றும் செய்தேன். பேட்சை வெர்னியர் வைத்தும் பார்த்தேன், 28.8 தான்.

பதில்:
அப்படியானால் மெஷ்ஷை விடுங்கள், அந்த 4.4-ஐப் பிடியுங்கள். +2-வில் ஒப்புமை விடுதிறன் என்று படித்தோமே, அதுதான் இது. வெற்றிடத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் வெறும் எண், அலகு கிடையாது. அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அலை சுருங்கும். காற்றில் 122 மி.மீ. இருக்கும் உங்கள் அலை 4.4-க்குள் 58 மி.மீ. தான்; பேட்ச் நீளம் ஏறக்குறைய அதில் பாதி.

எஃப்ஆர்4 என்பது கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. கண்ணாடிக்கு 6-ஐ ஒட்டி, பிசினுக்கு 3-ஐ ஒட்டி. துணி கூடினால் எண்ணும் கூடும், அலைவெண் ஏறினால் கொஞ்சம் இறங்கும். லைப்ரரிக்காரர்கள் உங்கள் போர்டைப் பார்த்ததில்லை! அதனால்தான் நான் போர்டுக்குக் கொடுக்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு ரிங் ரெசனேட்டரையும் (சோதனைக்கான செம்பு வளையம்) வரைந்துவிடுவேன். அதை அளந்தால் அந்தப் போர்டின் எண் கிடைத்துவிடும்.

உங்களுக்கு பேட்சே போதும். 2.45-ஐ 2.38-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 1.06. அதை 4.4-ஆல் பெருக்கினால் 4.66. அதைக் கொடுத்து ஓட்டுங்கள். பக்கத்தில் கண்டக்டிவிட்டி (மின்கடத்துத்திறன்) பெட்டி இருக்கும், அதில் கைவைக்க வேண்டாம். லாஸ் டேன்ஜென்ட்டும் இருக்க அதுவும் இருந்தால் இழப்பு இரண்டு முறை கணக்கில் ஏறும்.

கேட்டவர்:
4.66 போட்டேன், 2.38-க்கே வந்துவிட்டது! நீளத்தை 28.0 ஆக்கினால் மறுபடி 2.45. ஆனால் புதுப் போர்டுக்கு நாள் இல்லை.

பதில்:
புதுப் போர்டு எதற்கு? ஃபீடுக்கு (சிக்னல் பேட்சுக்குள் நுழையும் இடத்துக்கு) எதிர் விளிம்பில் 0.8 மி.மீ. தள்ளி ஸ்கேல் வைத்து பிளேடால் ஆழமாகக் கீறுங்கள். சால்டரிங் அயர்னால் அந்தப் பட்டையைச் சூடாக்கி, ட்வீசரால் மெதுவாக இழுங்கள். செம்பு நாடா போல உரிந்து வரும்.

கேட்டவர்:
உரித்துவிட்டேன் சார். 2.44.