கலைச்சொல் வேண்டல்: கைத்துப்பாக்கியின் உதையைக் ‘குறைக்கும்’ உதிரிகளுக்கு என்ன பெயர்?

செ. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

போட்டிச் சுடுதலுக்கான கைத்துப்பாக்கிப் பராமரிப்புக் கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. ரீகாயிலுக்கு, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதற்கு, ‘பின்னுதைப்பு’ என்று வைத்திருக்கிறேன். சிக்கல் அடுத்த அதிகாரத்தில். துப்பாக்கியைச் செய்த நிறுவனம் தராமல் வேறு நிறுவனங்கள் விற்கும் கனமான கைடு ராடு (ஸ்பிரிங்கை நேராகத் தாங்கும் தண்டு), இரட்டை ஸ்பிரிங், பஃபர், காம்பன்சேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ‘பின்சந்தை உதைகுறைப்பான்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா? வாசகர் எப்படியும் ‘காசுக்குத் தகுமா’ என்று கேட்பார். அதற்கும் விடை வேண்டும்.

க.மு. எழுதியது:

> பின்சந்தை உதைகுறைப்பான்

இரண்டு பாதியும் வேண்டாம் ஐயா. ‘பின்சந்தை’ என்றால் கடைத்தெருவுக்குப் பின்புறம் உள்ள சந்தை என்றுதான் படும். ‘வெளித்தயாரிப்பு உதிரி’ போதும்.

‘குறைப்பான்’ தான் பெரிய பிழை. கணக்கைப் பாருங்கள். 9 மி.மீ. தோட்டாவில் 124 கிரெய்ன் குண்டு, அதாவது 8 கிராம், நொடிக்கு 350 மீட்டரில் போனால் உந்தம் ஏறக்குறைய 2.8 கி.கி. மீ/நொடி. குண்டைத் தொடர்ந்து குழலிலிருந்து பாயும் வாயுவின் பங்கையும் சேர்த்தால் 3.2. இதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கி வந்தே தீரும். துப்பாக்கிக்குள் இருக்கும் எந்த ஸ்பிரிங்கும் அதை மாற்றாது.

எடை கூடினால் ஆற்றல் குறையும், அது உண்மை. 800 கிராம் துப்பாக்கி அந்த உந்தத்தில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும், ஆற்றல் 6.4 ஜூல். பிளாஸ்டிக் ராடை எடுத்துவிட்டு 50 கிராம் கூடுதலான டங்ஸ்டன் ராடு போட்டால் 6 ஜூல். ஆறு விழுக்காடு. கைக்குப் பிடிபடுவது கடினம். முழுக்க எஃகால் ஆன 1.2 கிலோ துப்பாக்கி என்றால் 4.3 ஜூல், அது நிச்சயம் தெரியும். ஆனால் அது உதிரி இல்லை, வேறு துப்பாக்கி.

தே. எழுதியது:

அப்படியானால் ‘உதைத்தணிப்பி’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன், நானே விட்டுவிட்டேன். தணித்தல் என்றால் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்குவது. ஸ்பிரிங் விழுங்குவதில்லை. ஸ்லைடு (சுடும்போது சட்டகத்தின் மேல் முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) பின்னால் வரும்போது வாங்கி வைத்து, முன்னால் போகும்போது திருப்பித் தருகிறது. அதனால்தான் கனத்த ஸ்பிரிங் போட்டவர்களுக்கு ஸ்லைடு மூடும் நொடியில் குழல்வாய் குறிக்குக் கீழே குத்துகிறது. உதை குறைந்ததாக நினைத்து வாங்கியவர் அடுத்த ரவுண்டைத் தாழ்வாகச் சுடுவார்.

கையேட்டில் இதைத் தெளிவாக எழுதுங்கள். .45 காலிபர், 5 அங்குலக் குழல் கொண்ட 1911 மாதிரித் துப்பாக்கிக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. வழக்கமான தோட்டாவோடு 20-க்கு மேல் ஏற்றினால் ஸ்லைடு முழுத்தூரம் பின்வராமல் போகலாம். காலி உறை வெளிவாயிலில் நிமிர்ந்து மாட்டும். அல்லது மேகசின் அடுத்த ரவுண்டை மேலே தள்ளுமுன்பே ஸ்லைடு முந்திக்கொண்டு காலி அறையை (குழலில் தோட்டா அமரும் இடம்) மூடும். மிக மெலிந்த ஸ்பிரிங் என்றால் ஸ்லைடு சட்டகத்தில் மோதும், முழுவதும் மூடாமலும் நிற்கும். கிளாக் போன்ற ஸ்டிரைக்கர் வகையில் (சுத்தியல் இல்லாமல், ஸ்லைடுக்குள் இருக்கும் ஊசியே ஸ்பிரிங் விசையில் பாயும் வகை) முழுவதும் மூடாமல் நிற்பது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

சோதனை எளிது. மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். நீங்கள் சோதிக்கும் வீட்டு அறையிலும் தோட்டாவே இருக்கக்கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் 45 பாகை மேல்நோக்கிப் பிடித்து, டிரிக்கரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்கப் பின்னிழுத்து மெல்ல விடுங்கள். தானாக முழுவதும் மூட வேண்டும். பாதியில் நின்றால் அந்த ஸ்பிரிங் வேண்டாம்.

இரட்டை ஸ்பிரிங்கை மந்திரம் போல விற்கிறார்கள். கிளாக் நிறுவனமே 2010-இல் நான்காம் தலைமுறைக்கு இரட்டை ஸ்பிரிங் வைத்தது; 2011-இல் அந்த ஸ்பிரிங்குகளை மாற்றித் தர ஒரு திட்டமும் அறிவித்தது. தொழிற்சாலைக்கே ஒரே முறையில் சரியாக அமையாத பொருளை, தோட்டா எது என்றே கேட்காமல் விற்பவர் எப்படி அமைப்பார்?

ந. எழுதியது:

பஃபருக்கு ‘முட்டணை’ என்று முன்மொழிகிறேன். 1911-இல் கைடு ராடின் தலையோடு ஒட்டிச் சேரும் பாலியூரித்தேன் வளையம், ஏறக்குறைய 2 மி.மீ. தடிப்பு. ஸ்லைடு சட்டகத்தில் மோதும் கடைசி அடியை மட்டும் மெத்தென்று ஆக்குகிறது. கைக்கு அல்ல, உலோகத்துக்குத்தான் நன்மை. விலையும் உண்டு: அந்த 2 மி.மீ. ஸ்லைடின் ஓட்டத்திலிருந்து கழிகிறது. தடுப்பில் நிற்கும் ஸ்லைடைக் கையால் இழுத்து விடுவிக்க முயன்றால் விடுபடாமல் போகலாம். வளையம் நைந்தால் துணுக்குகள் உள்ளே சிதறி அடைக்கும். ஒவ்வொரு சுத்தம் செய்தலிலும் விளிம்பைப் பார்க்க வேண்டும். வெட்டுத்தடம் தெரிந்தால் மாற்ற வேண்டும். 3 அங்குலக் குட்டை மாதிரிகளில் போடவே கூடாது, அவற்றில் ஓட்டம் ஏற்கெனவே குறைவு.

காம்பன்சேட்டருக்கு ‘ஈடுசெய்வி’ என்று அகராதி பார்த்து எழுதுவார்கள். யாருக்கு எதை ஈடு செய்கிறது? அது செய்வது வாயுவை மேல்நோக்கித் திருப்புவது. வாயு மேலே பாய, குழல்வாய் கீழே அழுந்துகிறது. ‘வாயுத்திருப்பி’ என்றால் கேட்டவுடன் வேலை புரியும். வாயு இல்லாவிட்டால் வேலை இல்லை என்பதும் பெயரிலேயே இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்தை நிறைய இட்ட தோட்டாவில் நன்றாக வேலை செய்யும், குறைந்த மருந்துத் தோட்டாவில் வெறும் எடைதான்.

தே. எழுதியது:

> வாயுத்திருப்பி

ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவின் கீழ் இவையும் வரட்டும்: பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் சுடும்போது குழல் சாய்ந்து ஸ்லைடிலிருந்து பூட்டவிழ்கிறது. குழல் முனையில் எடை தொங்கினால் அந்த அசைவு மந்தமாகும். ஆகவே ஸ்பிரிங்கை இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்துச் சோதிக்க வேண்டும். கிளாக் 17-இல் வழக்கம் 17 பவுண்டு என்றால் முதலில் 15, பிறகு தேவைப்பட்டால் 13. அதைப் பொருத்தும் திருகுமரையில் கோணல் இருந்தால் குண்டு உள் தடுப்பில் உரசும், எனவே சுடுமுன் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். உறையிடாத ஈயக் குண்டு வேண்டாம், துளைகளில் சீவல் படியும். முன் குறிமுனையில் கரி ஏறும். உடலோடு ஒட்டிப் பிடித்துச் சுடவும் கூடாது, வாயு முகத்துக்கு வரும். ஐ.பி.எஸ்.சி. (பன்னாட்டுச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டியில் ஓப்பன் பிரிவில் இதற்கு இடமுண்டு. புரொடக்‌ஷன் பிரிவில் இல்லை.

செ. எழுதியது:

நன்றி. ஒவ்வொன்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. மொத்த வகைக்கு? ‘உதைமாற்றி’?

க.மு. எழுதியது:

மாற்றி என்றால் எதையோ எதுவாகவோ மாற்றுவது போல் இருக்கிறது. ‘உதைநெகிழ்த்தி’ எப்படி? உதை அதே அளவுதான், வந்து சேரும் விதம் நெகிழ்கிறது. ‘குறைப்பு’ என்ற வாக்குறுதி இல்லை.

காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு: முதலில் தோட்டா. 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,150 அடி போனால் பவர் ஃபேக்டர் (கிரெய்ன் எடையை அடி/நொடி வேகத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தது) 142-க்குச் சற்று மேல். போட்டியில் ‘மைனர்’ வகைத் தோட்டாவுக்கான குறைந்தபட்ச வரம்பு 125. வரம்புக்குச் சற்றே மேல் நிற்கும் தோட்டாவுக்கு இறங்கினால் உந்தம் ஏறக்குறைய 12 விழுக்காடு, ஆற்றல் 23 விழுக்காடு குறையும். டங்ஸ்டன் ராடின் ஆறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது, தேய்ந்த ஸ்பிரிங்கை அதே அளவு புதிய ஸ்பிரிங்கால் மாற்றுவது. உற்பத்தியாளர் சொன்ன ரவுண்டு எண்ணிக்கையில். அதன் பிறகும் வேண்டுமானால், விதி அனுமதித்தால், வாயுத்திருப்பி. முட்டணையும் கன ராடும் அதற்கும் பின்னால்.

1911 வைத்திருப்பவருக்கு ஒரு துணுக்கு: அடிமூலையில் வளைவு சிறிதான சுடுமுள் தடுப்புத் தகடு. சுத்தியலைச் சாய்க்க ஸ்லைடு கூடுதல் விசை செலவிட வேண்டியிருப்பதால் தொடக்கத்திலேயே வேகம் மட்டுப்படும். சின்ன உலோகத் துண்டு, பலர் கண்ணில் படுவதில்லை. ஆனால் பொருத்தும்போது அரத்தால் இழைத்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ந. எழுதியது:

‘உதைநெகிழ்த்தி’க்கு என் ஒப்புதல். ‘ஸ்லைடு’க்கு மட்டும் யாரும் ‘சறுக்கி’ கொண்டுவர வேண்டாம். பழுது பார்ப்பவர் அதைக் கேட்டால் எந்தப் பாகம் என்று திரும்பக் கேட்பார். ஸ்பிரிங்கைச் ‘சுருள்வில்’ என்று எழுதலாம், அது எல்லாருக்கும் தெரியும். எண்ணும் அலகும் கூடவே வரட்டும். ‘கனமான சுருள்வில்’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் 18, இன்னொருவர் 22 வாங்கிவிடுவார்.