கேடயத்தில் ‘எக்ஸ்டால்’ என்று பொறிக்கலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) ஆயாம்மா ஓய்வு பெறுகிறார். விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போனவர்களின் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். நிர்வாகத்தினரும் வருவதால் கேடயத்தில் ஆங்கிலத்திலும் ஒரு வரி வேண்டும். எழுதிய வரி: ‘வீ எக்ஸ்டால் ஹெர் ஃபார் ஹெர் டிவோட்டட் சர்வீஸ்.’ வெள்ளிக்கிழமை கடையில் கொடுத்தாக வேண்டும்.

அகராதி பார்த்தேன். மிக உயர்த்திப் புகழ்வது என்று பொருள். மேலே தூக்குதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததாம். ஆனால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் ‘எக்ஸ்டால் த வர்ச்சூஸ் ஆஃப்’ என்று குணத்தையோ பயனையோதான் புகழ்கிறார்கள். ஆளை நேரடியாகப் புகழ்வது குறைவு. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் கடைசியில் ஒரே ‘எல்’, இறந்தகாலத்தில் இரண்டு. அதில் குழப்பமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ‘கமெண்ட்’ போடச் சொன்னார். கருத்து சொல்வது இல்லை, ‘டி’யில் முடியும் சொல். ஒருவரை ஒரு செயலுக்காக முறையாகப் பாராட்ட, ‘ஃபார்’ சேர்த்து எழுத, அதுவே பொருத்தம் என்றார். எனக்கும் அது பிடித்தது. ஆனால் அதற்கு ஒப்படைத்தல் என்ற பொருளும் உண்டு. பழைய ஆங்கில பைபிளில் இயேசு உயிரைப் பிதாவின் கையில் ஒப்புவிக்கும் இடத்தில் அந்தச் சொல்தான் வருகிறது. இறுதிச்சடங்கு ஜெபம் போல ஒலிக்குமோ என்று பக்கத்து வீட்டு அக்கா தயங்குகிறார். புகழ்வதைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘லாட்’ செய்தித் தலைப்பு வாசம் அடிக்கிறது. புகழ்வதற்கான சாதாரணச் சொல்லான ‘ப்ரேய்ஸ்’ ஆயாம்மாவுக்குப் போதாது.

அந்த வரியில் ‘எக்ஸ்டால்’ இருக்கலாமா, ‘டி’யில் முடியும் ‘கமெண்ட்’டாக மாற்ற வேண்டுமா?