மறு: ‘நீரகச் செறிவூட்டு நீர்’ – சிறுநீரகக் கட்டுரைக்கான சொல்

> ஹைட்ரஜன் வாயுவைக் கரைத்த குடிநீரான ஹைட்ரஜன் ரிச் வாட்டர் என்பதற்கு ‘நீரகச் செறிவூட்டு நீர்’ என்று போடலாமா?

வணக்கம் ஐயா. கட்டுரையே சிறுநீரகம் பற்றியது. ‘நீரகநீரும் சிறுநீரகமும்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். ‘ஹைட்ரஜன்’ இருக்கட்டும். இலங்கைப் பதிப்பில் ‘ஐதரசன்’.

‘செறிவூட்டிய’ வேண்டாம். ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசி நினைவுக்கு வரும். உடம்புக்குத் தேவையான சத்து ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற பொருள் சொல்லிலேயே ஏறிவிடும். அளவையும் பாருங்கள்: 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், தூய ஹைட்ரஜனை நிரம்பக் கரைத்தாலும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம்தான். மூடியைத் திறந்துவைத்தால் சில மணி நேரத்தில் அதிலும் பெரும்பகுதி பறந்துவிடும். இதையா செறிவு என்பது?

‘ஹைட்ரஜனேற்றிய’ என்பதும் ஆகாது. அது வனஸ்பதிக் கதை: எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் சேர்வது. இங்கே மூலக்கூறு சும்மா கரைந்து நிற்கிறது.

> அப்படியானால் ‘ஹைட்ரஜன் கரைநீர்’? வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

வினைத்தொகைதான். ஆற்றங்கரை நீர் என்று படிக்கவும் இடமிருக்கிறதே! ‘ஹைட்ரஜன் கரைந்த நீர்’ என்றால் இரண்டெழுத்து கூடும், குழப்பம் தீரும். ‘கரைந்த ஆக்சிஜன்’ ஏற்கெனவே வழக்கில் உண்டு. ஜப்பானில் டயாலிசிஸ் திரவத்திலும் ஹைட்ரஜனைக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். ‘ஹைட்ரஜன் கரைந்த டயாலிசிஸ் திரவம்’ என்று அதற்கும் நீளும்.

‘கார நீர்’ என்று யாரும் மாற்றிவிடக் கூடாது. இந்த நீரை மின்பகுப்பில் தயாரிக்கும்போது எதிர்மின்வாயில் ஹைட்ரஜனோடு ஹைட்ராக்சைடும் உண்டாவதால் சில கருவிகளில் நீர் காரமாகும். புரோட்டான் கடத்தும் சவ்வுள்ள கருவியில் காரம் ஏறாது, ஹைட்ரஜன் மட்டும் கரையும். இரண்டும் வேறு.

> ‘ஹைட்ரஜன் மாத்திரை’?

அதுதான் ஆபத்தான சொல். நீரில் போடும் அந்த மாத்திரைக்குள் இருப்பது மெக்னீசியம் உலோகம். 24 மில்லிகிராம் முழுதும் வினைபுரிந்தால் 2 மில்லிகிராம் ஹைட்ரஜன் வரும்; மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக நீரிலேயே தங்கும், வயிற்றுக்குள் போகும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெக்னீசியம் சரியாக வெளியேறாது, இரத்தத்தில் ஏறும். தசை தளரும், நாடித்துடிப்பு குறையும். ‘ஹைட்ரஜன் தரும் மெக்னீசியம் மாத்திரை’ என்றே போடுங்கள். நீளம்தான், இருக்கட்டும்.

தலைப்பில் ‘சிறுநீரகம் காக்கும்’ என்பதையும் எடுத்துவிடலாம். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து செலுத்திய சுண்டெலிகளில் சிறுநீரகச் சேதம் குறைந்ததை. மனிதர்களிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே. டயாலிசிஸில் இருப்பவருக்கு நாளுக்கு இவ்வளவு நீர் என்று வரம்பு உண்டு. இந்த நீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.