அப்டேட்டர் டைம்அவுட்: 60 நொடி போதவில்லை, 900 வைத்தால் தொங்குகிறது

கேள்வி:
லிப்கர்ல் (டவுன்லோட் செய்ய உதவும் கோட் நூலகம்) வைத்து எழுதிய அப்டேட்டர், லினக்ஸில் ஓடுகிறது. பேக்கேஜ் 180 எம்பி. மொத்த டைம்அவுட் (முழு டவுன்லோடுக்கான நேர வரம்பு) 60 நொடி. மெதுவான லைனில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. 900 ஆக்கினால் இறங்கிவிடுகிறது. ஆனால் சர்வர் படுத்திருந்தால் டூல் இரண்டு நிமிடத்துக்கு வாயே திறப்பதில்லை. தோற்றால் முதலிலிருந்து 3 முறை முயல்கிறது. எந்த எண் சரி?

பதில் 1:
எந்த எண்ணும் சரிவராது. 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) லைனில் 180 எம்பி இறங்க 720 நொடி ஆகும். 1 எம்பிபிஎஸ் என்றால் 1440. உங்கள் 900-உம் அங்கே அறுந்துவிடும்.

பெரிய ஃபைலுக்கு மொத்த டைம்அவுட்டை 0 ஆக்கி எடுத்துவிடுங்கள். கனெக்ட் டைம்அவுட் (இணைப்பு அமையும் வரைக்கான வரம்பு) 15 நொடி. லோ ஸ்பீட் லிமிட் 1000, லோ ஸ்பீட் டைம் 30: அதாவது நொடிக்கு 1000 பைட்கூட வராமல் 30 நொடி போனால் வெட்டு. ஊர்ந்து வருகிற டவுன்லோட் பிழைக்கும், செத்தது மட்டும் சாகும். வெர்ஷன் பார்க்கிற சின்ன மேனிஃபெஸ்ட் ஃபைலுக்கு மொத்தம் 30 நொடி என்று வைப்பதில் தப்பில்லை.

அந்த இரண்டு நிமிடம் கெர்னல் கணக்கு. சின் பாக்கெட்டுக்கு (இணைப்பு கேட்கிற முதல் பாக்கெட்) பதில் வராவிட்டால், 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல்கள் 1, 2, 4 என்று இடைவெளியை இரட்டித்து 6 முறை திரும்ப அனுப்பும். கடைசிக் காத்திருப்பு 64 நொடி. கூட்டினால் 127. லிப்கர்லின் சொந்த கனெக்ட் வரம்பு 300 நொடி என்பதால் கெர்னல்தான் முதலில் கைவிடுகிறது.

பதில் 2:
முதலிலிருந்து இறக்குவதுதான் பெரிய கொடுமை. 170 எம்பி வந்து அறுந்தால் மீதி 10 எம்பி போதும். வந்ததை '.பார்ட்' ஃபைலில் வைத்து, ரேஞ்ச் ஹெடருடன் ('இந்த பைட்டிலிருந்து கொடு') பழைய ஈடேகை (ஃபைலின் பதிப்புக்கு சர்வர் தரும் அடையாளம்) இஃப்-ரேஞ்ச் ஹெடரில் ('ஃபைல் மாறாவிட்டால் மட்டும்') அனுப்புங்கள். பதில் கோட் 206 (கேட்ட பகுதி மட்டும்) வந்தால் வாலில் ஒட்டுங்கள். சர்வரில் ஃபைல் மாறியிருந்தால் 200 வரும், அது முழு ஃபைல், '.பார்ட்'டைக் காலி செய்துவிட்டு எழுத வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: 200-ஐயும் வாலில் ஒட்டி, கடைசியில் ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று சர்வரைத் திட்டுவார்கள். வீக் ஈடேக் (W/ என்று தொடங்குவது; பைட்டுக்கு பைட் ஒன்றே என்று உறுதி தராது) இஃப்-ரேஞ்சுக்கு உதவாது. ஹேஷ், டிஜிட்டல் கையெழுத்து இரண்டும் சரியான பிறகே ஃபைலுக்கு உண்மைப் பெயர்.

பதில் 3:
ரீட்ரை எல்லாவற்றுக்கும் கூடாது. டைம்அவுட், 502, 503, 504-க்கு (சர்வர் பக்கக் கோளாறுகள்) முயலலாம். 429-க்கோ (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) 503-க்கோ ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் வந்தால் அது சொல்கிற நேரம்வரை பொறுங்கள். 404-க்கு (ஃபைல் இல்லை) நூறு முறை முயன்றாலும் 404தான். சர்டிஃபிகேட் பிழை என்றால் முதலில் அந்த மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள்.

இடைவெளி 2, 4, 8, 16 என ஏறட்டும்; ஆனால் 8 என்றால் 0-க்கும் 8-க்கும் இடையே ரேண்டமாக ஒரு நொடி. இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் அறுந்த மெஷின்கள் ஒரே நேரத்தில் திரும்ப வந்து, எழுந்து உட்கார்ந்த சர்வரை மறுபடி சாய்த்துவிடும்.

கேட்டவர்:
வரம்புகளைப் பிரித்ததும் சரியாகிவிட்டது, நன்றி. ஒரே ஒரு நெட்வொர்க்கில் மட்டும் லாக்கில் 'கனெக்டட்' வருகிறது, பிறகு டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கிலேயே (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்கப் பேச்சு) 15 நொடி முடிந்துவிடுகிறது.

பதில் 1:
எம்டியூ (ஒரு லைனில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மேல்தான் சந்தேகம். டிசிபி ஹேண்ட்ஷேக் பாக்கெட்டுகள் குட்டி, எதிலும் நுழைந்துவிடும். சர்வரின் சர்டிஃபிகேட் முழு அளவு பாக்கெட்டுகளில் வரும். வழியில் எம்டியூ குறைவாக இருந்து, 'பாக்கெட் பெரிது' என்கிற ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) செய்தியை ஃபயர்வால் விழுங்கினால், அனுப்பியவருக்குத் தெரியவே வராது. டோன்ட் ஃபிராக்மென்ட் ('பாக்கெட்டைத் துண்டாக்காதே') போட்டு அங்கிருந்து சர்வருக்கு 1472 பைட் பிங் விடுங்கள் (28 ஹெடர் சேர்த்து 1500). அது போகாமல் 1464 போனால் எம்டியூ 1492, பெரும்பாலும் பிபிபிஓஇ லைன் (பல பிராட்பேண்ட் லைன்களில் உள்ள இணைப்பு முறை; 8 பைட் எடுத்துக்கொள்ளும்). ரூட்டரில் எம்எஸ்எஸ்-ஐ (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1452-க்குக் கிளாம்ப் செய்யச் சொல்லுங்கள், அதாவது அதற்கு மேல் போகாமல் கட்டுப்படுத்த. உங்கள் கோடில் திருத்த ஒன்றுமில்லை.